முகப்பரு மருத்துவத்தில் ஆன்டிபயாடிக்குக்கு ஓர் எல்லை

முகப்பருவை வெறும் நுண்ணுயிர்த் தொற்றாகக் கருதி மருந்து கொடுக்கும் வழக்கம் அந்நோயின் இயல்போடு பொருந்துவதில்லை. ஆண்ட்ரோஜன் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பு மிகுகிறது, மயிர்க்காலின் வாயில் உதிர வேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டு அடைப்பை உண்டாக்குகின்றன, அதற்குள் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் பெருகுகிறது, அழற்சி வலுக்கிறது. இந்த நான்கில் பாக்டீரியாவின் பங்கு ஒன்றுதான்; பரு இல்லாதவரின் தோலிலும் அது இயல்பாக வாழ்கிறது. ஆன்டிபயாடிக் சுரப்பையும் அடைப்பையும் நேராகத் தொடுவதில்லை. ஆகவே அதை மட்டும் நம்பியவருக்கு, நிறுத்தியதும் பரு திரும்புகிறது. அதே மருந்து மாதக்கணக்கில் நீள்கிறது. முகப்பருவுக்கு ஆன்டிபயாடிக் தனித்துத் தரப்படக் கூடாது, தொடங்கும் நாளிலேயே அதன் முடிவு நாளும் குறிக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முதற்காரணம் மருந்தெதிர்ப்பு. எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் பூச்சு மருந்துகள் பரவிய சில ஆண்டுகளிலேயே, 1979-இல், அவற்றுக்கு அடங்காத ஆக்னஸ் பாக்டீரியா அமெரிக்காவில் பதிவானது. பின்னர் பல நாடுகளிலும் கண்டறியப்பட்டது. சிகிச்சை பெறுபவரோடு ஒரே வீட்டில் வாழ்வோரின் தோலிலும் அத்தகைய பாக்டீரியா காணப்பட்டுள்ளது. இங்குதான் முகப்பரு மருந்துகளிடையே ஓர் அடிப்படை வேறுபாடு தெரிகிறது: பென்சாயில் பெராக்சைடு தரும் எரிச்சலும், அடைப்பைத் தடுக்கும் பூச்சு மருந்தான அடாபலீன் தரும் வறட்சியும் பூசியவரோடு முடிகின்றன; ஆன்டிபயாடிக்கின் தீங்கு அதைப் பயன்படுத்தாதவரையும் சென்றடைகிறது. பென்சாயில் பெராக்சைடு ஆக்சிஜனேற்றத்தால் பாக்டீரியாவைக் கொல்வதால், அதற்கு எதிர்ப்பு உருவானதாக அறியப்படவில்லை. இணைத்துத் தந்தால் ஆன்டிபயாடிக்குக்கு எதிரான எதிர்ப்பையும் அது மட்டுப்படுத்துகிறது.

வாய்வழி ஆன்டிபயாடிக்கான டாக்சிசைக்கிளின் அழற்சியையும் தணிப்பதால் மருந்தெதிர்ப்பு பெரிதல்ல என்று சிலர் வாதிடுவர். அழற்சியைத் தணிப்பது உண்மை; ஆனால் வழக்கமான 100 மி.கி. அளவு குடலிலும் தொண்டையிலும் வாழும் நுண்ணுயிர்களையும் தாக்குகிறது. இன்னொரு மறுப்பு வலுவானது: அடாபலீன் பயன் தரப் பல வாரங்களாகும், அதற்குள் தழும்பு விழுந்துவிடலாம். தழும்பின் துயரத்தைச் சிறிதாக எண்ண யாருக்கும் உரிமையில்லை. அதனால்தான் இவ்வாதம் ஆன்டிபயாடிக்கை விலக்கவில்லை. மூன்று அல்லது நான்கு மாதங்களுக்குள் அதை நிறுத்தி, அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கொண்டு பலனைக் காக்கச் சொல்கிறது.

தழும்பு விழும் கடும் பருவுக்கு 1982-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட ஐசோட்ரெட்டினோயின் இருக்கிறது. சுரப்பியையே சுருக்கி, நான்கு காரணங்களையும் தணிக்கும் மருந்து அது. கருவுக்கு அது கடும் ஊனம் விளைவிக்கும் என்பதில் ஐயமில்லை. ஆகவே கர்ப்பப் பரிசோதனையும் உறுதியான கருத்தடையும் இல்லாமல், கருவுறக்கூடிய பெண்களுக்கு அதைத் தரக் கூடாது. மனச்சோர்வு குறித்த அச்சத்தைப் பொறுத்தவரை, 2023-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு மக்கள்தொகை அளவில் அபாயம் கூடியதாகக் காணவில்லை; தனியொருவரின் மனநிலையைக் கவனிக்கும் கடமை அதனால் குறையவும் இல்லை. இந்த அபாயங்கள் பெரியவை, ஆனால் முன்கூட்டியே அறிந்து தடுக்கக்கூடியவை; சமூகத்தில் பரவிவிட்ட மருந்தெதிர்ப்பைத் திரும்பப் பெற அத்தகைய வழியில்லை. சீட்டில்லாமலே கிளிண்டாமைசின் ஜெல் வாங்க முடிகிற நம் நாட்டில், முடிவு நாள் குறித்த மருந்துச்சீட்டும் சீட்டின்றி விற்க மறுக்கும் மருந்துக்கடையும் தோல் மருத்துவத்தின் இன்றியமையாத பகுதிகளாக வேண்டும்.