ஆறடி பத்தங்குலமும் அதுக்குப் பிறகும்

வன்னியில ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில, ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போதே ஆசிரியரை விட உயரமா ஒரு பிள்ளை நிண்டா, ஒரு தவணை முடியிறதுக்குள்ள அந்தப் பிள்ளை மேல இரண்டு தீர்ப்பு விழுந்திடும். ஒண்டு, "இவள் தர்ஜினி மாதிரி வருவாள்." மற்றது, "உயரம் மட்டும்தான் இருக்கு, ஓடத் தெரியாது, பந்து கையில நிக்காது." பெரும்பாலும் ஒரேயொரு வலயமட்டப் போட்டியைப் பார்த்திட்டுத்தான் இரண்டையும் சொல்லுறது. முதல் தீர்ப்பால பிள்ளை பயப்படும். இரண்டாவதால திடலுக்கு வாறதையே விட்டிடும்.

இப்படித் தீர்ப்புச் சொல்லுற பழக்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கு. அதில சில இடங்களைத்தான் இங்கே பார்க்கப் போறம்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்து வளையத்தைப் பத்தடி உயரத்தில் தொங்கவிட்டபோது, உயரமானவர்களுக்கு அது ஒரு வரமா இருந்திருக்கும் எண்டுதான் நாங்கள் நினைப்பம். நடந்தது வேற. முதல் அம்பது வருசமும் மிக உயரமானவர்களைப் பயிற்றுநர்கள் சந்தேகத்தோடதான் பார்த்தார்கள். வேகமும் கைத்திறனும் உள்ள நடுத்தர உயரக்காரரின் விளையாட்டு எண்டுதான் அது கருதப்பட்டது. நெட்டையன் எண்டால் தடுமாறுவான், காலில கால் தடக்கி விழுவான் எண்டது பொது நம்பிக்கை.

அந்த நம்பிக்கையை உடைச்சவர் ஜோர்ஜ் மைக்கன். இலினோய் மாநிலத்தின் ஜோலியற் ஊர்க்காரர், தடிச்ச மூக்குக்கண்ணாடி, ஆறடி பத்தங்குலம். நோட்ரடேம் பல்கலைக்கழகப் பயிற்றுநர் அவரைப் பார்த்திட்டு வேண்டாம் எண்டு திருப்பி அனுப்பினார். 1942இல் சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகப் பயிற்றுநரா வந்த ரே மேயர்தான் அவரைக் கையில எடுத்தார். மேயர் செய்ததைக் கொஞ்சம் விரிவாவே சொல்லவேணும். கயிறடிக்க விட்டார். குத்துச்சண்டைக்காரர் போல நிழலோட சண்டைபோடப் பழக்கினார். நடனம் பழக அனுப்பினார். வளையத்துக்குக் கீழே நிண்டு வலக்கையால ஒண்டு, இடக்கையால ஒண்டு எண்டு மாறி மாறிப் பந்து போடச் சொன்னார், திரும்பத் திரும்ப. அந்தப் பயிற்சிக்கு இண்டைக்கும் மைக்கன் பயிற்சி எண்டுதான் பெயர். ஒரு பந்தும் ஒரு வளையமும் இருந்தாக் காணும், வேற ஒண்டும் தேவையில்லை.

அதுக்குப் பிறகு விதிகளையே மாற்றவேண்டி வந்தது. கீழ்நோக்கி வளையத்துக்குள்ள விழப்போற பந்தைத் தட்டிவிடுறதை 1944இல் கல்லூரி விளையாட்டில் தடைசெய்தார்கள். மைக்கனும் பொப் கேர்லண்ட் எண்ட இன்னொரு நெட்டையரும்தான் காரணம். 1951இல் தொழில்முறைப் போட்டிகளில் வளையத்துக்கு முன்னால உள்ள பகுதியின் அகலத்தை ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக்கினார்கள். அதுவும் மைக்கனாலதான். பயிற்றுநர் ஒருவர் ஏலாதெண்டு அனுப்பிய பெடியனுக்காக, பத்து வருசத்துக்குள்ள திடலின் கோடுகளை அழிச்சுத் திரும்பக் கீறினார்கள்.

இந்தக் கதையை வைச்சுக்கொண்டு "எல்லா உயரமானவரும் வெல்லுவினம்" எண்டு சொல்லக் கூடாது. மைக்கனுக்குப் பிறகு உலகம் மறுபக்கம் சாய்ந்தது. உயரத்தைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்கள். 1984இல் போர்ட்லண்ட் அணி மைக்கல் ஜோர்டனை விட்டிட்டு ஏழடி உயரமான சாம் பொவியை எடுத்தது. 2007இல் அதே போர்ட்லண்ட், கெவின் டுரண்டை விட்டிட்டு கிரெக் ஓடனை எடுத்தது. இரண்டு பேரும் திறமை இல்லாதவர்கள் இல்லை. காலும் முழங்காலும்தான் ஒத்துழைக்கயில்லை. உயரத்தை அளக்கிற நாடாவில எலும்பு தாங்குமா எண்டது தெரியாது.

எங்களுக்கு இன்னும் பொருத்தமான பாடம் பிலடெல்பியாவில இருக்கு. 2013இல் அந்த அணியின் பொறுப்பை ஏற்ற சாம் ஹிங்கி, இருந்த நல்ல வீரர்களை விற்று, தோற்றுத் தோற்று, அதனால கிடைக்கிற முன்வரிசைத் தெரிவுகளை வைச்சு அணியைத் திரும்பக் கட்டலாம் எண்டு கணக்குப் போட்டார். அடுத்தடுத்த மூன்று பருவங்களில் 82 போட்டிகளுக்கு 19, 18, 10 வெற்றிகள்தான். அந்த மூன்று வருசத்தில மூன்று இளம் நடுவீரர்களைச் சேர்த்தார்கள்: நேர்லன்ஸ் நோயல், ஜோயல் எம்பீட், ஜலீல் ஒகஃபோர்.

இதில ஒகஃபோரின் கதை முக்கியமானது. 2015இல் மூன்றாவதாகத் தெரிவானவர். பத்தே வெற்றி கண்ட அணியில, முதல் பருவத்திலேயே போட்டிக்குச் சராசரி 17.5 புள்ளி. கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர்தான் எதிர்காலம். ஆனால் அந்த அணியில யாராவது ஒருவர் புள்ளி எடுக்கத்தானே வேணும்? தோற்கிற ரீமில பந்து யாரிட்டையோ போய்த்தான் சேரும். அவர் தடுத்தாடினாரா, பக்கத்தில நிண்டவரை முன்னேற்றினாரா எண்டதை அந்த எண் சொல்லாது. இரண்டரை வருசத்தில அவரை வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள்.

எம்பீட்டுக்கோ கணக்கே இல்லை. 2014இல் தெரிவாகி, கால் காயத்தால இரண்டு முழுப் பருவமும் ஒரு போட்டிகூட விளையாடயில்லை. கமரூனில் பதினைந்து, பதினாறு வயது வரைக்கும் கூடைப்பந்தைத் தொட்டதும் இல்லை. வொலிபோல்தான் அவரின் விளையாட்டு. (எங்கட ஊர்ப் பெடியள் இந்த வரியைத் திரும்ப ஒருக்கா வாசிக்கவும்.) அவர்தான் 2023இல் முழு லீக்கின் மிகப் பெறுமதியான வீரரானார். அவரைத் தெரிவு செய்த ஹிங்கி அதுக்கு முன்னமே, 2016இலேயே, பதவி விலகிப் போயிட்டார்.

எங்கட பக்கத்துக்கு வருவம். இந்தியாவின் பஞ்சாபில் பல்லோ கே எண்ட கிராமத்துப் பெடியன் சத்னாம் சிங், ஏழடி இரண்டங்குலம். லூதியானாவில் சங்கரன் சுப்பிரமணியன் எண்ட பயிற்றுநரிடம் பழகி, பதினான்கு வயதில புளோரிடாவுக்குப் போய், 2015இல் டலஸ் அணியால் 52ஆவதாகத் தெரிவு செய்யப்பட்டார். என்.பி.ஏ. தெரிவில் இடம்பிடித்த முதல் இந்தியர். ஆனால் அந்த லீக்கில ஒரு போட்டிகூட ஆடயில்லை. பிறகு ஊக்கமருந்துத் தடை, அதுக்குப் பிறகு தொழில்முறை மல்யுத்தம். பதினான்கு வயதிலேயே ஒரு நாட்டின் எதிர்பார்ப்பு முழுவதையும் அவர் தோளில தூக்கி வைச்சது நியாயமா எண்டது எங்கட கேள்வி.

இனி தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்தவர். உயரம், மைக்கனைப் போலவே, ஆறடி பத்தங்குலம் எண்டு பொதுவா எழுதுவார்கள். விளையாட்டு வலைப்பந்து. இதுவும் கூடைப்பந்தின் பிள்ளைதான். 1890களில் இங்கிலாந்தில் பெண்களுக்கெண்டு மாற்றி அமைச்சது. பல நாட்டவரும் ஒண்டாக் கூடி இதுக்குப் பொதுவான விதிகளை வகுத்தது 1960இல் இலங்கையில்தான் எண்டது இங்க கனபேருக்குத் தெரியாது. 1963இல் ஈஸ்ற்போர்ணில் நடந்த முதலாவது உலகப் போட்டியில் இலங்கையும் ஆடியது.

இரண்டு விளையாட்டிலும் வளையம் ஒரே உயரம். ஆனால் வலைப்பந்தில் பின்பலகை இல்லை. பந்தோட ஓடவோ அதைத் தட்டிக்கொண்டு போகவோ ஏலாது. தடுக்கிறவர் மூன்றடி தள்ளி நிக்கவேணும். அதனால வட்டத்துக்குள்ள நிண்டு, மற்றவர்களுக்கு எட்டாத உயரத்தில பந்தைப் பிடிச்சு, அமைதியாப் போடத் தெரிஞ்ச ஒருவருக்கு இந்த விளையாட்டில உள்ள பெறுமதி கூடைப்பந்தில இல்லை. அங்க அதே ஆள் ஓடவேணும், திரும்பி வந்து தடுக்கவேணும், இடிபடவேணும். ஒரு பிள்ளையின் உயரம் எவ்வளவு பெறும் எண்டதை எந்தத் திடலில நிக்கிறாள் எண்டதுதான் தீர்மானிக்குது. கூடைப்பந்துக்குச் சரிவராது எண்டு கழிச்ச பிள்ளையை வலைப்பந்துக்கோ வொலிபோலுக்கோ ஒருக்கா விட்டுப் பார்க்கவேணும்.

2009இல் இலங்கை ஆசியக் கிண்ணத்தை வென்றது. தர்ஜினி அந்த அணியில இருந்தார். அந்த வருசம் எங்கட சனம் எங்க இருந்தது எண்டு நாங்கள் இங்க எழுதத் தேவையில்லை. நாங்கள் சின்னப்பிள்ளையள், மெனிக் பாமில தண்ணி வரிசையில நிண்டனாங்கள். ஒரு தமிழ்ப் பெண் அந்தச் சட்டையைப் போட்டு வென்ற செய்தி எங்கட கூடாரங்களுக்கு வரயில்லை. பெரியாக்கள் சிலர் இப்பவும் அதைப் பற்றிக் கதைக்க விரும்புறதில்லை, சிலர் பெருமையாச் சொல்லுகினம். இரண்டும் எங்களுக்கு விளங்குது. அவரை இனநல்லிணக்கத்தின் சின்னமாக்கி எழுதுற கட்டுரைகள்தான் எங்களுக்குப் பிடிக்கிறதில்லை. அதில அவர் போட்ட கோல்களைப் பற்றி ஒண்டும் இராது.

அடுத்த கிண்ணத்துக்கு ஒன்பது வருசம் எடுத்தது. இடையில் சிங்கப்பூரும் மலேசியாவும் கொண்டுபோயின. 2018இல் சிங்கப்பூரில், இறுதிப்போட்டியில் அந்த நாட்டு அணியையே வென்று கிண்ணம் திரும்ப வந்தது. வட்டத்துக்குள்ள தர்ஜினிதான். அடுத்த வருசம் லிவர்பூலில் உலகக் கிண்ணம். அதில கூடுதல் கோல் போட்டவர் அவர். இலங்கை முடிச்ச இடம் பதினாறு அணியில பதினைந்தாவது.

ஒகஃபோரின் எண்ணும் தர்ஜினியின் எண்ணும் இங்க ஒரே மாதிரித் தெரியும்: தோற்கிற அணியில பெரிய கணக்கு. எங்களுக்கு அப்பிடித் தெரியயில்லை. அவுஸ்திரேலியத் தடுப்பாளர்கள் நாள் முழுக்க அதே தொழிலாச் செய்கிறவர்கள். அவர்களால் மூடேலாத ஒரே ஆள் அவராயிருந்தார். இலங்கை தோற்றது வட்டத்துக்கு வெளியிலதான். பந்து வட்டத்தின் விளிம்புக்கு வந்து சேருறதுக்கு முன்னமே பறிபோயிடும். மூன்று செக்கனுக்குள்ள, சரியான உயரத்துக்கு, சரியான தோள்பக்கம் பந்தைத் தூக்கிப் போடுறவர் இல்லாட்டி ஆறடி பத்தங்குலத்தால ஒரு பிரயோசனமும் இல்லை.

இங்கதான் வன்னிப் பள்ளிக்கூடங்களோட எங்களுக்கு ஒரு சண்டை இருக்கு. மீள்குடியேறி, தகரக் கொட்டிலில வகுப்பு நடத்தி, பத்தையை வெட்டி மைதானம் ஆக்கின பள்ளிக்கூடங்கள் இவை. ரீமும் அப்பிடித்தான், ஒண்டுமில்லாத இடத்திலயிருந்து கட்டினது. அப்பிடியான ரீமில உயரமான பிள்ளையை வட்டத்துக்குள்ள விட்டிட்டு, மிச்ச ஆறு பேருக்கும் பந்து போடவே பழக்காமல், மாவட்டமட்டத்தில தோற்றதும் "அவளுக்குக் கை சரியில்லை" எண்டு எழுதி மூடுறம். அவளுக்கு எத்தனை பந்து கைக்கெட்டின உயரத்தில வந்தது எண்டு ஆரும் எண்ணினதில்லை. அடுத்த வலயமட்டப் போட்டிக்குப் போற விளையாட்டு ஆசிரியர்கள் ஒரு கொப்பியில இரண்டு நிரல் போட்டு அதை எண்ணிப் பாருங்கோ: வந்த பந்து எத்தனை, போட்ட பந்து எத்தனை. முதலாவது நிரல் மற்ற ஆறு பேரின்ர கணக்கு.