பேரு அதேதான், இரும்புதான் வேற

நாத்து நட்ட மூணாம் நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மோட்டார் ஓடுது, தண்ணி வரல. செம்பரம்பாக்கத்துல ஏரியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எதுக்குக் கிணத்து மோட்டார்னு கேப்பீங்க. 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, எல்லாம் சரிதான். ஆனா அந்தத் தண்ணி முதல்ல உங்க வீட்டுக் குழாய்க்கு. மடைத் தண்ணிய மட்டும் நம்பி நெல்லு போட்டா எங்க கதை கந்தல்.

ஃபுட் வால்வைப் பாக்கணும்னா பைப்பைக் கழட்டணும். ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கின பைப் ரிஞ்சை மாட்டி மச்சான் பையன் ஒரு இழு இழுத்தான். பல்லு வழுக்கிடுச்சு. கை போய் இரும்புல அடிச்சு மூணு விரல் முட்டியும் தோலு உரிஞ்சு ரத்தம். டார்ச் அடிச்சுப் பாத்தா ரிஞ்சோட பல்லு வெண்ணெய் மாதிரி மழுங்கிக் கிடக்கு. பைப்பு அப்படியே இருக்கு. பைப்பைக் கடிக்க வேண்டிய ரிஞ்சைப் பைப்பு கடிச்சிருக்கு!

அப்புறம் பரண்ல இருந்து தாத்தாவோட தகரப் பெட்டிய இறக்கினோம். அவர் ரிஞ்சு ஒரே பிடியில திருகிக் குடுத்துச்சு. 1985ல எரிஞ்சு போன மூர் மார்க்கெட்டுல பழைய சாமானா வாங்கினது. கைப்பிடியில துருவுக்கு நடுவுல எழுத்து தெரியுது: ரெக்கார்டு, ஷெஃபீல்டு, இங்கிலாந்து. அதே பெட்டியில ஒரு பாக்கோ ஸ்க்ரூ ஸ்பேனர், சுவீடன். ஒரு எக்லிப்ஸ் ஆக்சா பிரேம், அதுவும் ஷெஃபீல்டு. புதுசா வாங்கி ஏமாந்தேனே, அதுலயும் இந்த மாதிரி ஒரு பெரிய பேருதான் இருந்துச்சு. அது எந்தப் பேருன்னு இங்க எழுதல. ஆனா பேரு ஒண்ணாவும் இரும்பு வேறயாவும் எப்படி ஆகும்னு தோணிக்கிட்டே இருந்துச்சு. மழை நாள்ல உக்காந்து படிச்சதுல தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல பாக்கோ. யோஹான் பெட்டர் யோஹான்சன்னு ஒரு சுவீடன்காரர், 1886ல என்ஷோப்பிங்ங்கிற ஊர்ல பட்டறை போட்டவர். அந்தக் காலத்துல ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு அளவு. ரிப்பேருக்குப் போறவன் மூட்டை ஸ்பேனர் தூக்கிட்டுப் போகணும். அந்த எரிச்சல்லதான் திருகினா வாய் அகலமாகுற ஸ்பேனரைச் செஞ்சு 1892ல காப்புரிமை வாங்கினார். உலகம் பூரா வித்தது ஹியோர்த்ங்கிற வியாபாரி. பி.ஏ.ஹியோர்த் அண்டு கம்பெனிங்கிறதோட முதல் எழுத்துகள்தான் பாக்கோ. செஞ்சவன் பேரு இல்ல, வித்தவன் பேரு! 1916ல பட்டறையும் ஹியோர்த் கைக்கே போச்சு. பின்னால 1991ல சாண்ட்விக் வாங்குச்சு, 1999ல அமெரிக்காவோட ஸ்னாப்-ஆன் வாங்குச்சு. இதுல ஒண்ணு சொல்லணும். கை மாறின உடனே தரம் போயிடும்னு சட்டம் எதுவும் இல்ல. பாக்கோவ இன்னைக்கும் மெக்கானிக்குங்க மதிக்கிறாங்க.

ரெக்கார்டு கதைதான் மனசைப் பிசையும். ஷெஃபீல்டுல சி. அண்டு ஜே. ஹாம்ப்டன்னு ஒரு குடும்பக் கம்பெனி. வைஸ், இழைப்புளி, ரிஞ்சுன்னு செஞ்சாங்க. 1972ல ரிட்ஜ்வேயோட சேர்ந்தாங்க. 1980களோட தொடக்கத்துல அதே பாக்கோ இவங்கள வாங்கி, கொஞ்ச வருஷத்துல கழட்டி விட்டுச்சு. 1998ல ஒரு அமெரிக்கக் கம்பெனி, 2002ல அந்தக் கம்பெனியையே நியூவெல், 2017ல நியூவெல்லோட கருவிப் பிரிவ ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கர். எங்க ஏரியாவுல ஒரு மனைப் பத்திரம்கூட இவ்வளவு கை மாறியிருக்காது. (மாறியும் இருக்கு, அது வேற பதிவு.) இதுக்கு நடுவுல ஷெஃபீல்டு தொழிற்சாலைய மூடிட்டாங்க. மிஞ்சினது பேரு.

வாங்குறவன் கணக்க யோசிச்சுப் பாருங்க. அவனுக்கு விலை குடுத்து எடுத்தது உலைய இல்ல, அச்ச இல்ல, பதம் போடுற ஆளையும் இல்ல. நாப்பது வருஷமா நம்ம தாத்தா மாதிரி ஆளுங்க மனசுல இருக்கிற நம்பிக்கைய. அத வச்சு எங்க வேணா, எவன் கிட்ட வேணா செஞ்சு வாங்கி முத்திரை குத்தலாம். நல்ல ரிஞ்சோட தாடைய நல்ல எஃகுல, பழுக்கக் காய்ச்சி அச்சுல அடிச்சு, அப்புறம் பல்லுக்குத் தனியா பதம் ஏத்தணும். பதம் கம்மியானா பல்லு மழுங்கும், அதிகமானா உடையும். எரிபொருள், நேரம், கைப்பழக்கம் மூணும் இதுலதான் செலவு. விலை குறைக்கணும்னா முதல்ல கை வைக்கிறதும் இதுலதான். மேல நிக்கல் பூச்சு போட்டுட்டா கடையில பாக்குற கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

அமெரிக்காவுல கிராஃப்ட்ஸ்மேன்னு ஒரு மார்க். 1927ல சியர்ஸ் கடைக்காரங்க ஆரம்பிச்சது. உடைஞ்ச ஸ்பேனர கொண்டு போனா கேள்வி கேக்காம புதுசு குடுப்பாங்களாம். 2017ல சுமார் 90 கோடி டாலருக்கு அதையும் ஸ்டான்லி வாங்குச்சு. உள்நாட்டுலயே செய்யுறோம்னு டெக்சாஸ்ல பெரிய ஆலை கட்டினாங்க, எல்லாம் ஆட்டோமேட்டிக். மெஷின் சரியா ஒத்துழைக்கல. 2023ல மூடப்போறதா அறிவிச்சுட்டாங்க. விட்ட தொழிலத் திரும்பப் பிடிக்கிறது அவ்வளவு சுலபம் இல்ல போல.

நம்ம பக்கம் கதை வேற மாதிரி. 1957 வாக்குல அன்னியச் செலாவணி நெருக்கடி வந்ததும் இறக்குமதிக்கு லைசென்ஸ் இறுகிப் போச்சு. வெளிநாட்டு ஸ்பேனர் கிடைக்கிறதே அபூர்வம். அதனாலதான் தாத்தா மாதிரி ஆளுங்க பழைய சாமானுக்கு மூர் மார்க்கெட் போனாங்க. அந்த இடத்துல உள்நாட்டுக் கம்பெனிகள் வளர்ந்துச்சு. தபாரியா 1969ல நாசிக்ல ஸ்பேனர், கொறடு செய்ய ஆரம்பிச்சது ஒரு சுவீடன் கம்பெனியோட தொழில்நுட்பத்துலதான். அம்பத்தூர் எஸ்டேட் 1960கள்ல வந்தப்புறம் எங்க ஊரு பசங்க சைக்கிள்ல அங்க வேலைக்குப் போனாங்க. நல்ல கருவி எது, சொத்தை எதுன்னு ஊருக்குள்ள சொல்லிக் குடுத்தது அவங்கதான். 2001 ஏப்ரல் 1ஆம் தேதி மிச்சமிருந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டையும் எடுத்தாங்க. கடையில சாமான் குவிஞ்சுது, விலையும் இறங்குச்சு. பொய் சொல்லக் கூடாது, எங்களுக்கும் சந்தோஷமாதான் இருந்துச்சு. நூறு ரூபாய்க்கு ஸ்பேனர் செட்டு வந்தா எவன் வேணாம்பான்? அந்த ரிஞ்சை வாங்கினப்ப நானும் எரநூறு ரூபா மிச்சம்னு சிரிச்சுக்கிட்டேதான் வந்தேன்.

மண்வெட்டி கதைய விட்டுட்டா எங்கம்மா கோவிச்சுக்கும். மமுட்டின்னு நாங்க சொல்றதைத்தான் வெள்ளைக்காரன் ‘மமோட்டி’ன்னு அவன் பாஷையில சேத்துக்கிட்டான். கருவிக்குப் பேரு நம்ம ஊருது. டாடா அக்ரிகோ மண்வெட்டி 1920கள்ல இருந்து வருது, இன்னும் டாடா கையிலதான் இருக்கு. எங்க வீட்டுல மண்வெட்டின்னா ‘டாடா’ன்னே சொல்லுவாங்க. ஆனா அருவா, களைக்கொத்துக்கு எந்த மார்க்கும் கிடையாது. ஊருக் கொல்லர் லாரி ஸ்பிரிங் பட்டைய வெட்டி அடிச்சுக் குடுப்பாரு. பட்டையே நல்ல எஃகு, அதுக்கு மேல அவர் பதம். மழுங்கினா அவர் வாசல்ல போய் நின்னு சண்டை போடலாம். வருஷக் கூலி நெல்லுல நிறுத்தி வைக்கலாம்ங்கிற பயம் அவருக்கு, அருவா கிடைக்காதேங்கிற பயம் நமக்கு. அவர் மகன் இப்போ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போறான். உலைக்களம் இருந்த இடத்துல கார் நிக்குது.

வாங்குறவங்களுக்கு எனக்குத் தெரிஞ்ச சின்ன சோதனை ஒண்ணு. சின்ன அரம் ஒண்ணு எடுத்துட்டுப் போய் பல்லு ஓரமா லேசா இழுத்துப் பாருங்க. அரம் வழுக்கிட்டுப் போனா பதம் இருக்கு, வெல்லம் சுரண்டுற மாதிரி தூள் வந்தா வேணாம். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும்.

மச்சான் பையன் கை ஆற பத்து நாள் ஆச்சு. அந்தப் புது ரிஞ்சைத் திருமழிசை லேத்துக்கு எடுத்துட்டுப் போனேன், பல்லை மறுபடி வெட்டித் தர முடியுமான்னு. அவர் அரத்தை ஒரு தடவை இழுத்தார், என் முகத்தைப் பாத்தார்.

“வெட்டலாம்ணே. ரெண்டு நாள் நிக்கும். எடைக்குப் போட்டுடுங்க.”

பழைய இரும்புக் கடைத் தராசுல ஒரு கிலோ நானூறு கிராம் காட்டுச்சு.