ஏழு பேர் அமர்ந்த வரிசை

குற்றமும் தண்டனையும் என்று பேச உட்கார்ந்தாலே, பேச்சு தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்பதில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருவனைப் பார்த்து 'நீ குற்றவாளி' என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? இன்று அது நீதிபதிக்கு உரியது. ஆனால் 190 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம், இந்த மண்ணின் ஏதாவது ஒரு பகுதியில் அந்த அதிகாரம் சாதாரண மனிதர்களிடம் இருந்து வந்தது. ஜூரிகள் என்று அவர்களுக்குப் பெயர்.

1952ல் வெளிவந்த 'பராசக்தி'யின் நீதிமன்றக் காட்சியை நம் தாத்தாக்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அதில் கதாநாயகன் நீதிபதியைப் பார்த்துப் பேசுகிறான். அதே ஆண்டு பினாங்கில் ஒரு கொலை வழக்கு நடந்திருந்தால், வழக்கறிஞர் பக்கத்து வரிசையில் இருந்த ஜூரிகளைப் பார்த்துத்தான் தமது வாதத் திறமையைக் காட்டியிருப்பார். அவர்கள் மனம் இரங்கினால் விடுதலை. இல்லையென்றால் தூக்கு.

இந்த முறை 1807ல் பிரிட்டிஷ் அரச சாசனத்தின் வழியாகப் பினாங்குக்கு வந்தது. 1826ல் வந்த அடுத்த சாசனம் மலாக்காவையும் சிங்கப்பூரையும் சேர்த்துக்கொண்டது. தன்னையொத்த குடிமக்களே தன்னை விசாரிக்க வேண்டும் என்பது இங்கிலாந்தில் பிறந்த கொள்கை. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கே ஜூரியாக அமர ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கப்பலேறி வந்த நம் பாட்டனுக்கு அந்த வரிசையில் இடம் ஏது? கூண்டில் நிற்கலாம், பக்கத்து வரிசையில் உட்கார முடியாது. பின்னாளில் ஜூரி முறை போனபோது நம்மவர் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நம்மவர் அதிகம் இருந்த சிலாங்கூர், பேரா தோட்டங்களின் நிலை வேறு. அங்கே நீதிபதிக்குத் துணையாக அசெசர் எனப்படும் இருவர் அமர்வார்கள். 1911ல் கோலாலம்பூரில் எத்தல் பிரவுட்லாக் என்ற வெள்ளைக்கார மாது ஒருவரைச் சுட்டுக் கொன்ற வழக்கும் அப்படித்தான் நடந்தது. அவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டதும் வெள்ளைக்காரச் சமூகம் கொதித்தெழுந்தது. ஜூரி இல்லாமல் நம்மவளுக்குத் தூக்கா என்று கேட்டார்கள். சிலாங்கூர் சுல்தான் மன்னிப்பு வழங்கினார். ஜூரியின் அருமை தன் தலைக்கு வந்தபோதுதான் தெரிந்தது! சாமர்செட் மாம் இதைக் கதையாக்கியபோது வழக்கைச் சிங்கப்பூருக்கு மாற்றிவிட்டார்.

சிங்கப்பூர் என்றதும் இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் கலவரம் வெடித்தது. அதில் ஒரு வெள்ளையரைக் கொன்றதாக நான்கு மலாய்க்காரர்கள் மீது வழக்கு. அவர்களுக்காக வாதாடியவர் லீ குவான் இயூ என்ற இளம் வழக்கறிஞர். கொலைக் குற்றத்திலிருந்து நால்வரும் தப்பினார்கள். வென்றவருக்கு மகிழ்ச்சி இல்லை. ஜூரி முறை மீதே நம்பிக்கை போயிற்று என்று பின்னாளில் எழுதினார்.

இரண்டாவது, செனாங் தீவு. 'செனாங்' என்றால் சுகம். பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள். விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்ட குண்டர் கும்பல்காரர்களை 1960 முதல் அங்கே குடியேற்றி, உழைப்பால் திருத்தப் பார்த்தார்கள். மதில் இல்லை, காவலர் கையில் துப்பாக்கி இல்லை. 1963 ஜூலை 12ஆம் தேதி கலவரம் மூண்டு, கண்காணிப்பாளர் டேனியல் டட்டனும் அவருடைய அதிகாரிகள் சிலரும் கொல்லப்பட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே வழக்கில் நின்றதால் அதற்கென்றே பெரிய கூண்டு கட்ட வேண்டியதாயிற்று. 64 நாள் விசாரணைக்குப் பிறகு, ஏழே ஜூரிகள் ஒவ்வொருவராக எடைபோட்டு, 18 பேரைக் கொலைக் குற்றவாளிகள் என்றும் 11 பேரைக் குற்றமற்றவர்கள் என்றும் சொன்னார்கள். அந்த 18 பேரும் 1965ல் தூக்கிலிடப்பட்டனர். ஜூரிகள் பயந்து விட்டுவிடுவார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்த வழக்கு ஒத்துவரவில்லை.

இருந்தும் 1969ல் ஜூரியை ஒழிக்கும் சட்டம் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கடுமையாக எதிர்த்தவர் டேவிட் மார்ஷல். கொலை வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதில் விடுதலை வாங்கித் தந்ததாகச் சொல்லிக்கொண்ட மனிதர் அவர். அத்தனை பேரும் நிரபராதிகளா என்று லீ கேட்டபோது, அவர்களுக்காக வாதாடுவது தம் கடமை, தீர்ப்புச் சொல்வது அல்ல என்றார். லீக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. எனக்கு மார்ஷல் சொன்னதில் தவறு தெரியவில்லை.

மலேசியாவில் ஜூரி இன்னும் கால் நூற்றாண்டு நீடித்தது. 1979ல் முன்னாள் அழகு ராணி ஒருவர் காரில் குத்திக் கொல்லப்பட்ட வழக்கு மூத்த வாசகர்களுக்கு மறந்திருக்காது. உறவினரான விரிவுரையாளர் ஒருவர் கூண்டில் நின்றார். 1980ல் ஏழு ஜூரிகளில் ஐவர் 'குற்றவாளி' என்றார்கள், இருவர் இல்லை என்றார்கள். பெரும்பான்மை போதும் என்பதால் தூக்குத் தீர்ப்பு. பிறகு முக்கியச் சாட்சி, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். 1981ல் கூட்டரசு நீதிமன்றம் அந்த விரிவுரையாளரை விடுவித்தது. பொய்சாட்சி சிறைக்குப் போனார்.

அந்த ஐவர் ஏன் நம்பினார்கள், இருவர் ஏன் நம்பவில்லை? எங்கும் எழுத்தில் இல்லை. ஜூரி காரணம் சொல்லத் தேவையில்லை. நீதிபதியோ ஏன் நம்பினேன், எந்தச் சாட்சியை ஏற்றேன் என்று எழுதியாக வேண்டும். மேல்முறையீட்டில் அதை வரிவரியாகக் கிழித்துக் காட்டலாம். ஜூரியை விட்டதில் நமக்குக் கிடைத்த உண்மையான லாபம் இதுதான். நஷ்டமும் உண்டு. ஏழு பேரில் ஐயப்பட இருவராவது இருந்தார்கள். ஒற்றை நீதிபதியிடம் அந்த இருவருக்கு இடமில்லை. வரிசையை ஒழித்ததற்குப் பதில், ஆங்கிலம் தெரியாதவருக்கும் அதைத் திறந்துவிட்டிருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். முயன்று பார்க்கவே இல்லை.

1995 ஜனவரி 1ஆம் தேதியோடு மலேசியாவில் ஜூரி முறை முடிந்தது. அதற்கு முன்பே தொடங்கிவிட்ட மோனா ஃபெண்டி வழக்கில் மட்டும், தெமர்லோ உயர் நீதிமன்றத்தில் அந்த ஏழு பேர் அமர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டு வீடு திரும்பினார்கள்.

அதன் பிறகு கொலை நிரூபணமானால், உயர் நீதிமன்றத்தில் தனியாக அமரும் நீதிபதிக்கும் வேறு வழியில்லை, தூக்குதான். 2023 ஜூலையில் கட்டாயத் தூக்குத் தண்டனை நீக்கப்பட்டது. இப்போது குற்றவாளியா என்பதோடு, அவர் உயிரோடு இருக்கலாமா, முப்பது நாற்பது ஆண்டுச் சிறை போதுமா என்பதையும் அதே ஒருவர்தான் தீர்மானித்து, காரணத்தையும் எழுத வேண்டும்.