சேம்பும் பப்பிரிக்காவும்

இலண்டனிலுள்ள நமது கடைகளுக்குச் செல்வோர், வாசலருகே அட்டைப்பெட்டியில் மண் ஒட்டியபடி கிடக்கும் சேப்பங்கிழங்கைக் கண்டிருப்பர். அதே கடையின் உட்புறத்தில், மிளகாய்த்தூள்ப் பைகளுக்குப் பக்கத்தில், பப்பிரிக்காத் தூள் சிறு போத்தல்களில் நிற்கும். எம்மவர் அதனை அதிகம் வாங்குவதில்லை. உறைப்பில்லாத தூள் எதற்கு என்று கேட்பவர்களே பலர். இவ்விரு பொருள்களுக்கும் தொடர்பு எதுவும் இல்லையென்றே நானும் எண்ணியிருந்தேன். இவற்றின் வரலாற்றைப் படித்த பின்னர், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையதென்று தோன்றிற்று.

சேம்பு நமக்குப் பழையது. குறுந்தொகையின் 76ஆம் பாடலில், வாடைக்காற்றில் அசையும் சேம்பிலை யானையின் செவிக்கு உவமிக்கப்படுகிறது. மிளகாயோ புதியது. 1492இல் கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்ததன் பின்னரே அது கடல் கடந்தது. போர்த்துக்கேயர் வழியாக நம்மிடம் வந்தபோது, முன்பே அறிந்த மிளகின் பெயரை வைத்து அதனை மிளகாய் என்றழைத்தனர் நம் முன்னோர். ஹங்கேரியரும் அவ்வாறே செய்தனர். பப்பிரிக்கா என்னும் சொல், தென்சிலாவிய மொழிகளில் மிளகைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அச்சொல்லின் வேரைத் தேடிச் சென்றால் இலத்தீன், கிரேக்கம் கடந்து பிப்பலி என்னும் வடமொழிச் சொல்லில், அதாவது நமது திப்பிலியில் வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆட்கள் ஊர் மாறினாற்போலச் சொற்களும் மாறியிருக்கின்றன.

சேம்புக்கு வேண்டுவது தண்ணீர். ஈரமும் வெப்பமும் உள்ள மண்ணில் ஏழு முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை அது நிற்க வேண்டும். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் குக் என்னும் சதுப்பு நிலத்தில், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் வெட்டிய வாய்க்கால்களை அகழ்வாய்வாளர் கண்டனர். அங்கு கிடைத்த கற்கருவிகளில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுப் பழமையுடைய சேம்பு மாவின் துகள்கள் ஒட்டியிருந்தன. 2008இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது. வேளாண்மை என்றதும் கோதுமையையும் நெல்லையும் மட்டுமே மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்த என் போன்ற ஆசிரியர்கள், இதனையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஹவாய்த் தீவுகளுக்குப் பொலினீசியர் தம் தோணிகளில் சேம்பை எடுத்துச் சென்றனர். விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவதைப் போன்றதன்று அது. தண்டோடு கூடிய கிழங்கின் மேல்முனையை உப்புநீர் படாமல் காத்து, இறங்கிய இடத்தில் உடனே நட வேண்டும். ஆகவே, தங்கிவாழும் நோக்குடன் செல்பவர்களே சேம்பை எடுத்துச் செல்வர். அங்கு ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டி, வரம்பு கட்டிய வயல்கள் வழியே நீரை ஓடவிட்டு, மீண்டும் ஓடையிலேயே சேர்த்தனர். அம்மக்களின் தொல்கதையில், இறந்து பிறந்த மூத்த குழந்தையைப் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. பின்னர் பிறந்த தம்பியே மனித குலத்தின் மூதாதை. தண்ணீருக்கு அவர்கள் மொழியில் வாய் என்று பெயர். செல்வத்துக்கு வாய்வாய்.

கரும்புத் தோட்டங்கள் வந்ததும் நிலைமை மாறிற்று. மௌவி தீவில் 1876 முதல் 1878 வரை வெட்டப்பட்ட பெருங்கால்வாய் கிழக்குப் பக்கத்து ஓடைகளின் நீரைக் கரும்புக்குத் திருப்பியது. கிழங்கு வயல்கள் வற்றின. அத்தீவின் கடைசிக் கரும்பு அறுவடை 2016இல் முடிந்தது. 2018இல்தான் ஓடைகள் பலவற்றில் நீரை மீண்டும் விடும்படி மாநிலத்தின் நீர் ஆணைக்குழு கட்டளையிட்டது.

பப்பிரிக்காவின் தேவை வேறு. அதற்கு வெயில் வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். 16ஆம் நூற்றாண்டில் துருக்கியர் ஆட்சியின்போது ஹங்கேரிக்கு வந்த இச்செடியை அங்குள்ளோர் துருக்கி மிளகு என்றனர். கறுப்பு மிளகு வாங்க வசதியற்ற குடியானவரின் உணவில் முதலில் சேர்ந்த பொருள் அது. செல்வர் வீட்டு மேசைக்குப் பின்னரே ஏறியது. தீசா ஆற்றங்கரையிலுள்ள செகெட் நகரும், தன்யூப் அருகிலுள்ள கலோச்சாவும் அதன் பெயர்பெற்ற இடங்கள். குளிர் முடியுமுன் நாற்றுப் போட்டு, மே மாதத்தில் நட்டு, செப்டெம்பரில் பழம் பறித்து, நூலில் கோத்து வீட்டுத் தாழ்வாரங்களில் தொங்கவிட்டு உலர்த்துவர். உறைப்பு முழுதும் காயின் உள்நரம்பில் இருப்பதால், அதனைக் கையால் கீறி நீக்கினர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் செகெட்டின் பால்ஃபி சகோதரர் இவ்வேலையை ஒழுங்குபடுத்தி, உறைப்புக் குறைந்த தூளை வெளிச்சந்தைக்குக் கொணர்ந்தனர். 20ஆம் நூற்றாண்டில் உறைப்பே இல்லாத வகைகள் வந்தன. கையால் நரம்பெடுத்த பெண்களின் விரல்கள் எவ்வாறு எரிந்திருக்கும் என்பதை நமது தாய்மார் அறிவர்.

செகெட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அல்பேர்ட் சென்ட்-ஜோர்ஜி, உயிர்ச்சத்து சி-யைப் பெருமளவில் பிரித்தெடுக்கப் பொருள் தேடி அலைந்தவர். ஓரிரவு மனைவி வைத்த பப்பிரிக்காவை உண்ண விருப்பமின்றி, அதனை ஆய்வுகூடத்துக்கு எடுத்துச் சென்றதாக அவரே பின்னர் சொன்னார். அதில் அச்சத்து நிறைந்திருந்தது. 1937இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் நாசிகளிடமிருந்து ஒளிந்து வாழ்ந்து, 1947இல் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறினார்.

இன்று பப்பிரிக்கா உணவாக உண்ணப்படுவதிலும் நிறமாக உண்ணப்படுவதே மிகுதியோ என்று தோன்றுகிறது. கடையில் வாங்கும் பொரியல் பொதிகளின் பின்புறத்தில் ஈ 160சி என்று அச்சிட்டிருந்தால், அது பப்பிரிக்காவின் சாயமே. முட்டையின் மஞ்சட்கரு சிவந்து தோன்றக் கோழித்தீனியிலும் அதனைச் சேர்ப்பர். நிறத்துக்கு விலை வைத்தால் கள்ளமும் வரும். 1994இல் ஹங்கேரியில் ஈயச்செந்தூரம் கலந்த தூள் விற்கப்பட்டு, உண்டவர் பலர் நோயுற்றனர். சேம்பில் யாரும் எதனையும் கலப்பதில்லை. நன்றாக அவிக்காவிட்டால் நாக்கை அரிக்கும் என்பது ஒன்றே அதன் குற்றம்.

உண்மையான வேறுபாடு கிடங்கில்தான் இருக்கிறது. உலர்ந்த பப்பிரிக்கா மாதக்கணக்கில் கெடாது, எடை குறைவு, எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பலாம். ஆனால் அதனை உண்டு பசியாற முடியாது. வாங்குபவர் வராவிடில் விளைவித்தவன் பட்டினி. தோண்டிய சேம்போ சில வாரங்களில் அழுகத் தொடங்கும். அதன் களஞ்சியம் மண்ணே. விளைவித்தவன் வேண்டும்போது தோண்டி உண்ணலாம். இலையையும் தண்டையும் கூடச் சமைக்கலாம். தூரச் சந்தைக்கு மட்டும் எளிதில் போகாது.

எமது ஊரிலும் இவ்வேறுபாடு கண்கூடு. 1970இல் பதவியேற்ற அரசு செத்தல்மிளகாய், வெங்காயம் ஆகியவற்றின் இறக்குமதியைத் தடுத்தபோது, யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் வன்னிக் குடியேற்றங்களிலும் மிளகாய் பணம் காய்த்தது. என் தந்தையார் எங்கள் தோட்டத்தின் பெரும்பகுதியை மிளகாய்க்கே விட்டார். முற்றமெங்கும் பாயில் செத்தல் காயும். பழம் பறிக்கும் நாட்களில் பாடசாலைக்கு வராத பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களுள் நானும் ஒருவன். 1977இல் ஆட்சி மாறி, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. விலை விழுந்தது. அடுத்த போகத்துக்கு என் தந்தையார் நாற்று மேடை போடவில்லை. அக்காலத்தில் எங்கள் வீட்டில் பல நாள் மதியக் கறி, கிணற்றடி வாய்க்காலோரம் வாழைகளுக்கிடையே யாரும் நீரிறைக்காமல் வளர்ந்த சேம்பே. மிளகாயின் வருவாயால்தான் என் அண்ணனின் மேற்படிப்புச் செலவும் நடந்தது என்பதையும் நான் மறைக்கலாகாது.

ஆயினும் சேம்பைச் சந்தைக்குக் கொண்டுசென்றால் அதற்கும் அதே விதி நேரும். சமோவா தீவினர் பெருந்தொகையாய் நியூசிலாந்தில் குடியேறினர். அவர்களின் ஊர் நினைவே சமோவாவின் சேம்பு ஏற்றுமதிக்குச் சந்தையாயிற்று. வாங்குவோர் விரும்பியது ஒரு வகையை; ஆகவே எங்கும் அதுவே நடப்பட்டது. கிழங்கிலிருந்து கிழங்காகப் பெருக்குவதால், அவ்வயல்களெல்லாம் ஒரே செடியின் பிரதிகள் போன்றவை. 1993இல் இலைக்கருகல் நோய் வந்தது. ஓராண்டுக்குள் ஏற்றுமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. ஒக்லண்டில் வாழ்ந்த சமோவரின் ஞாயிறு விருந்துக்குப் பிஜியின் கிழங்கு வந்தது. பலாவு முதலிய தீவுகளின் வகைகளோடும் ஆசிய வகைகளோடும் கலந்து, நோய் தாங்கும் புதிய சேம்பை உருவாக்கப் பல ஆண்டுகள் சென்றன.

பப்பிரிக்காவைப் பழிப்பது என் நோக்கமன்று. இருபது சிறு செடிகளைச் சன்னலோரத்தில் வளர்த்து, இந்நாட்டின் குறுகிய கோடையிலும் அதன் சிவப்பைக் கண்டு மகிழ்பவன் நான். தொட்டியில் வைத்த சேம்பு நான்கு இலை விட்டு, ஒக்டோபரின் முதற்குளிரில் கருகிற்று.

சென்ற மாதம் கடையில் கிழங்கு தெரிந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற சைப்பிரஸ் நாட்டு மூதாட்டி ஒருவர் என் கையிலிருந்ததை வாங்கி, அழுத்திப் பார்த்து, வேறொன்றை எடுத்துத் தந்தார். அவர்கள் மொழியில் இது கொலோகாசி. உரோமர் காலந்தொட்டு மத்தியதரைக் கடலோரத்தில் உண்ணப்படுவது. தோலுரித்த பின் கழுவலாகாது. கத்தியால் முழுதும் வெட்டாமல், பாதி கீறிக் கையால் உடைக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னார். நாங்கள் முழுக்கிழங்காக அவித்த பின்னரே தோலுரிப்போம் என்றேன். அவர் நம்பவில்லை.