உப்பும் பூநாரையும்: கோடியக்கரையில் மூணு நாள்

கையில போன் இருந்தா மேப்பைத் திறந்துக்கோங்க. சென்னையிலிருந்து கடற்கரையைப் பிடிச்சுக்கிட்டே விரலைக் கீழே இழுங்க. புதுச்சேரி, கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம்னு கரை கிட்டத்தட்ட நேர்கோடா வரும். வேதாரண்யம் தாண்டினதும் சட்டுன்னு மேற்கே திரும்பிடும், முழங்கையை மடக்கின மாதிரி. அந்த முனைதான் கோடியக்கரை. கோடின்னா கடைசி, மூலை. ஊரோட பேர்லயே முகவரி இருக்கு.

வெள்ளைக்காரர்கள் வரைபடத்தில் இது ‘பாயிண்ட் காலிமர்’. அந்தப் பேரும் நம்ம பேர்தான். கள்ளிச்செடி மண்டிய மேடு, கள்ளிமேடு. அதுதான் காலிமர் ஆச்சுன்னு சொல்றாங்க. வேதாரண்யம் பக்கத்தில் கள்ளிமேடுன்னு ஒரு ஊர் இன்னைக்கும் இருக்கு.

போன ஐப்பசியில் நானும் என் நண்பனும் மூணு நாள் அங்கே போனோம். அவன் பறவைப் பைத்தியம். கழுத்துல பைனாகுலர் இல்லாம அவனைப் பார்க்க முடியாது. எனக்கு வரலாறு. “நீ மேலே பாரு, நான் கீழே பார்க்கிறேன்”னு ஒப்பந்தம் போட்டுக்கிட்டுத்தான் பஸ் ஏறினோம். மூணாவது நாள் பார்த்தா ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் பேசிக்கிட்டிருந்தோம். அது உப்பு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

கடலோரத்தில் தனியாக ஒரு சாமி

கோடியக்கரைன்னு சொன்னதும் உங்கள்ல பாதிப் பேருக்குப் பூங்குழலி ஞாபகம் வந்திருக்கும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950இல் தொடராக ஆரம்பிச்சது. அதில் வரும் கலங்கரை விளக்கமும் புதைசேறும் குழகர் கோயிலும் இந்த ஊர்தான். பூங்குழலி கற்பனை, குழகர் கோயில் நிஜம். சுந்தரர் தேவாரத்தில் இந்தக் கோயிலுக்கு ஒரு பதிகம் இருக்கு. அதில் சுந்தரர் சாமியைப் பார்த்துக் கேட்கிற கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: ஆளே இல்லாத இந்தக் காட்டில், கடற்காற்றில், ஏன் தனியா இருக்கீங்க?

ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே இது ‘ஊருக்கு வெளியே’ இருந்த இடம். இன்னைக்கும் காட்டுக்குள்ள நடந்தா அந்த உணர்வு வருது. பெரிய பெரிய மரங்கள் கிடையாது. பாலை மாதிரி மரங்கள் கடற்காற்றுக்குத் தலையைக் குனிஞ்சு, குட்டையா, நெருக்கமா நிக்கும். இதை உலர் பசுமைமாறாக் காடுன்னு சொல்றாங்க. காட்டைத் தாண்டினா திறந்த புல்வெளி. அங்கேதான் வெளிமான்கள். சங்கப் பாட்டில் ‘இரலை’ன்னு படிச்சிருப்பீங்களே, அதேதான். கிடா மேலே கருப்பு, அடியில் வெள்ளை, திருகு திருகா நீண்ட கொம்பு. பெண்மான்கள் இளம்பழுப்பு, கொம்பு கிடையாது. ரெண்டாவது நாள் காலையில் ரெண்டு கிடாக்கள் கொம்பு கோத்து முட்டிக்கிட்டதைப் பார்த்தோம். பக்கத்துல ஆள் துணை இல்லாத குதிரைகள், எதுவுமே நடக்காத மாதிரி மேய்ஞ்சுக்கிட்டிருந்தன. அதுகளும் இங்கே காட்டுல தன்னிச்சையா திரியறவைதான்.

1967இல் இது சரணாலயம் ஆனது முக்கியமா இந்த வெளிமான்களுக்காக. பறவைகளுக்காக உலகம் இந்த ஊரைத் திரும்பிப் பார்த்தது வேற கதை. அது ஒரு குரங்குக் காய்ச்சல்ல ஆரம்பிக்குது.

காலில் வளையம், காகிதத்தில் சந்தேகம்

1957இல் கர்நாடகாவின் ஷிமோகா பக்கம் கியாசனூர் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தா செத்து விழுந்தன. மனிதர்களுக்கும் காய்ச்சல் வந்தது. உண்ணி மூலமா பரவுகிற வைரஸ்னு கண்டுபிடிச்சாங்க. அந்த வைரஸ் ரஷ்யாவில் இருந்த இன்னொரு வைரஸுக்குச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது. அப்போ ஒரு கேள்வி எழுந்தது: சைபீரியாவிலிருந்து வலசை வர்ற பறவைகள் உண்ணியைச் சுமந்துக்கிட்டு வருதா?

இதைத் தெரிஞ்சுக்கணும்னா எந்தப் பறவை எங்கிருந்து எங்கே போகுதுன்னு முதல்ல தெரியணும். உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுக்க, 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலி தலைமையில் பறவை வலசை ஆய்வைத் தொடங்கியது. பறவையைப் பிடிக்கணும், காலில் எண் போட்ட சின்ன அலுமினிய வளையம் மாட்டணும், விட்டுடணும். வளையத்தில் ‘பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும்’ என்கிற பொருளில் ஆங்கில வாசகம் இருக்கும். அவ்வளவுதான் டெக்னாலஜி. உலகத்தின் எந்த மூலையிலாவது யாராவது அந்தக் காலைப் பார்த்து, கடிதம் எழுதணும். அதுக்காகக் காத்திருக்கணும்.

1960களின் தொடக்கத்தில் சாலிம் அலி கோடியக்கரையின் அருமையை எடுத்துச் சொன்னார். கிழக்குக் கரையைப் பிடிச்சுக்கிட்டு தெற்கே வர்ற பறவைகளுக்குக் கரை முடியற இடம் இது. எதிரே கடல், ஐம்பது அறுபது கிலோமீட்டரில் யாழ்ப்பாணக் கரை. இலங்கைக்குத் தாண்டிப் போற பறவைகளும் இங்கே இறங்கி இளைப்பாறும். 1980களில் இங்கே நிலையமே அமைச்சு வருஷக்கணக்கா வளையம் மாட்டினாங்க. பறவை பிடிக்கப் பீகாரிலிருந்து மீர்ஷிகார்னு சொல்ற பரம்பரைப் பறவைபிடிகாரர்களும் வந்தாங்க. வேட்டைக்குக் கத்துக்கிட்ட கலை, காயம் படாம பிடிக்கிற கலையா இங்கே உதவுச்சு. இங்கே வளையம் மாட்டின பறவைகள் சைபீரியாவில் கிடைச்சிருக்கு.

நடுவுல ஒரு புயலும் அடிச்சது. அறுபதுகளின் பிற்பகுதியில் இந்த ஆய்வுக்கான பணத்தில் ஒரு பங்கு அமெரிக்க ராணுவத்தின் ஒரு திட்டத்திலிருந்து வந்தது. எழுபதுகளில் பத்திரிகைகள் கேட்டன: வலசைப் பறவையை வெச்சுக் கிருமிப்போர் ஒத்திகை பார்க்கிறாங்களா? நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு வரைக்கும் விஷயம் போனது. பம்பாய்க் கழகம் அதை மறுத்தது. வியட்நாம் போர் நடந்த காலம், பனிப்போர்க் காலம். அந்தச் சந்தேகத்தைச் சும்மா சிரிச்சுத் தள்ளவும் முடியாது. கோடியக்கரைச் சேற்றில் நிக்கிற ஒரு கொசு உள்ளான், இருபத்தஞ்சு கிராம் எடை இருக்கும், அது டெல்லி நாடாளுமன்றத்தையும் அமெரிக்க ராணுவத்தையும் ஒரே கோப்புக்குள்ள கொண்டுவந்தது.

தொப்பிக்குப் பதிலா உப்பு

மூணாவது நாள் கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் போற ரோட்டில் அகஸ்தியம்பள்ளிக்கு வந்தோம். நண்பன் தொப்பியைக் கழட்டிட்டு, “இப்போ உன் ஏரியா”ன்னான்.

1930 ஏப்ரல் 6, தண்டியில் காந்தி உப்பு எடுத்தாச்சு. ஒரே வாரத்தில், ஏப்ரல் 13, ஜாலியன்வாலா பாக் நினைவுநாளில், ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து நடக்க ஆரம்பிச்சாங்க. கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியா சுமார் 240 கிலோமீட்டர். நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை நடைக்குப் பாட்டு எழுதிக் கொடுத்தார்.

ஏன் வேதாரண்யம்? இந்தச் சதுப்பில் கடல்நீர் ஏறும், கோடையில் வத்தும், வத்தின இடத்தில் உப்பு தானா பூக்கும். உழைப்பே இல்லாம தரையில் கிடக்கிற உப்பைக்கூடச் சட்டப்படி ஒரு கைப்பிடி அள்ள முடியாது. ஒரு அநியாயத்தை விளக்க இதைவிட நல்ல இடம் வேணுமா? அதோட உள்ளூர் உப்பு வணிகர் வேதரத்தினம் பிள்ளை வாங்கன்னு கூப்பிட்டார். உப்பு வியாபாரம் பண்ற மனுஷன், உப்புச் சட்டத்தை எதிர்த்து வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதுக்கு விலையும் கொடுத்தார்: சிறை, சொத்துப் பறிமுதல்.

அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், யாத்திரைக்காரங்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தா தண்டனைன்னு உத்தரவு போட்டார். டெல்டா ஜனங்க என்ன பண்ணாங்க தெரியுமா? சோத்துப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டாங்க. கொடுத்தவன் யாருன்னு தெரியாது, மரத்துல கிடைச்சது, சாப்பிட்டோம். சட்டம் மரத்தைக் கைது பண்ணவா முடியும்?

ஏப்ரல் 28 வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி உப்பு அள்ளி, ராஜாஜி கைதானார். வேதாரண்யத்தில் கேட்டா ராஜாஜிக்குச் சமமா வைரப்பன்னு ஒரு பேர் சொல்வாங்க. நாவிதர். தொண்டர்களை அடிக்கிற போலீஸுக்குச் சவரம் பண்ண மாட்டேன்னு சபதம் எடுத்தவர். மஃப்டியில் வந்து உட்கார்ந்த ஒருவருக்குப் பாதி முகம் மழிச்சபோது, அவர் போலீஸ்னு தெரிஞ்சது. கத்தியைக் கீழே வெச்சுட்டார். மீதியை முடிக்கலைன்னு வழக்குப் போட்டு ஜெயில்ல போட்டாங்க. அவருக்கு இங்கே நினைவுத்தூண் இருக்கு.

சரி, உப்பு இப்போ யாருக்கு?

நினைவுச் சின்னத்திலிருந்து திரும்பினா ரெண்டு பக்கமும் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்புக்கு வேதாரண்யம்தான். ஐப்பசி மழை ஆரம்பிச்சிருந்ததால் பாத்திகளில் ஆளில்லை. கரையில் உப்புக் குவியலுக்குக் கீத்து மூடிக்கொண்டிருந்த ஒரு அம்மா எங்க பைனாகுலரைப் பார்த்துட்டு, “கொக்கு பாக்க வந்தீங்களா தம்பி? மழை வந்தா உங்களுக்குக் கொக்கு வருது, எங்களுக்கு வேலை போவுது”ன்னாங்க.

அந்த ஒரு வரியை நாங்க ஊர் வந்து சேர்ற வரைக்கும் பேசினோம். பூநாரைகள் வர்ற மாசமும் உப்புத் தொழிலாளிக்குக் கூலி இல்லாத மாசமும் ஒண்ணு. மழைக்கால நிவாரணமா அரசு 5,000 ரூபாய் கொடுக்குது. ஒரு குடும்பத்துக்கு மூணு மாசம்.

இந்தப் பொருத்தம் தற்செயல் கிடையாது, ரெண்டுக்குமே காரணம் உப்பின் அளவுதான். பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைச் சல்லடையாக்கி, தண்ணியில இருக்கிற பாசியையும் குட்டி இறால் வகை உயிர்களையும் வடிகட்டித் தின்னும். அந்த ரோஸ் நிறமே தீனியிலிருந்து வர்றதுதான். மழைத்தண்ணி கலந்து உவர்ப்பு அளவா இருந்தாத்தான் அந்த உயிர்கள் பெருகும். அதே உவர்ப்பு எக்கச்சக்கமா ஏறி, தண்ணி வத்தினாத்தான் உப்பு விளையும். பறவைக்கு வேண்டியது பாதி வழி, உப்புக்கு வேண்டியது முழு வழி.

மழையும் வெயிலும் மாறி மாறி ஆண்ட வரைக்கும் ஒரே சதுப்பு ரெண்டு பேருக்கும் போதுமானதா இருந்தது. பெரிய அளவில் தொழிற்சாலை உப்புக்காகக் கரை கட்டி, வருஷம் முழுக்கத் தண்ணியைத் தேக்க ஆரம்பிச்சதும், ஆற்றுத் தண்ணி வரத்து குறைஞ்சதும் அந்தக் கணக்கை மாத்துது. சீமைக் கருவேலம் வேற புல்வெளியைத் தின்னுது. எண்பதுகளில் எண்ணினதோட ஒப்பிட்டா வலசைப் பறவைகள் குறைஞ்சிருக்குன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 2002இல் இது தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம் ஆச்சு. சுமார் 385 சதுர கிலோமீட்டர். அந்தப் பரப்புக்குள்ள காடும் உண்டு, சதுப்பும் உண்டு, உப்பளமும் உண்டு. பறவையையும் பாத்தியையும் பிரிச்சு வேலி போட முடியாதுங்கிறதை அந்த எல்லைக்கோடே ஒத்துக்குது.

கடலும் அப்பப்போ வந்து கணக்குப் பார்க்கும். 2004 சுனாமி, சோழர் காலத்ததுன்னு ஊரில் சொல்ற பழைய கலங்கரை விளக்கத்தை இடிச்சது. 2018 நவம்பர் 16 கஜா புயலில் காடே சாய்ஞ்சது. அடிச்சுக்கிட்டுப் போன மான்களின் உடல்கள் காரைக்கால் கரையில் ஒதுங்கின.

1930இல் கேட்ட கேள்வி சுலபமா இருந்தது: இந்த மண்ணில் விளையற உப்பு வெள்ளைக்காரனுக்கா, நமக்கா? இப்போ ‘நமக்கு’ங்கிற அந்தச் சொல்லுக்குள்ள யார் யார்? பாத்தியில் கால் வெடிக்க நிக்கிற அந்த அம்மா உண்டு. ஐப்பசியில் நாகையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் வந்து பங்குனி வரைக்கும் இங்கேயே கொட்டகை போட்டு மீன்பிடிக்கிற மீனவர்கள் உண்டு. “இவங்களும் வலசைதான்டா”ன்னான் நண்பன். சைபீரியாவிலிருந்து வர்ற இருபத்தஞ்சு கிராம் பறவையும் உண்டா? என் பதில், உண்டு. ஆனா அந்த அம்மாவுக்கு மழைக்காலக் கூலிக்கு ஒரு வழி சொல்லாம, பறவைக்காக உப்பளத்தைச் சுருக்குங்கன்னு சென்னையிலிருந்து பேச எனக்கு வாய் வராது. மழை மாசங்களில் சதுப்பை வழிகாட்டுற வேலை, பறவை எண்ற வேலை, கருவேலம் வெட்டுற வேலை, இதெல்லாம் முதல்ல அவங்களுக்குப் போய்ச் சேரட்டும்.

போறவங்களுக்குச் சில விஷயம். பூநாரைக் கூட்டத்தை நிறையப் பார்க்கணும்னா மழை ஓய்ஞ்சு மார்கழி, தை பக்கம் போங்க. கரைப்பறவைகளுக்கு ஐப்பசியே போதும். வனத்துறை அனுமதி வாங்குங்க. ட்ரோன் வேண்டாம், மானைத் துரத்தி ரீல் எடுக்க வேண்டாம். உள்ளூர் ஆளை வழிகாட்டியா கூட்டிக்கிட்டு, நியாயமான கூலி கொடுங்க. திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் பத்து நிமிஷம் இறங்குங்க.

அடுத்த எபிசோடில் வேற ஒரு ஊர்.