மேடையேறிய பெண் பெயர்கள்

நமது இசை நாடகங்களின் பெயர்களை வரிசையாக எழுதினால், அது ஏதோ ஒரு மகளிர் பாடசாலையின் இடாப்பைப் போலத் தோன்றும். வள்ளி, அல்லி, பவளக்கொடி, ஞானசௌந்தரி, அனுசூயா, சுலோசனா, சாவித்திரி. இக்கதைகள் அனைத்தையும் நாடகமாக்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தமிழகத்திலிருந்து வந்த குழுக்கள் இத்தகைய நாடகங்களை யாழ்ப்பாணத்தில் மேடையேற்றின. நம்மவர் அவற்றுக்கு டிறாமா என்றும் கொட்டகைக் கூத்து என்றும் பெயரிட்டுத் தமதாக்கிக்கொண்டனர்.

பெயர் பெண்ணுடையது, ஆனால் மேடை பெரும்பாலும் பெண்ணுடையதாக இருக்கவில்லை. சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் பவளக்கொடிகளும் சாவித்திரிகளும் மீசை அரும்பாத சிறுவர்களே. யாழ்ப்பாணத்திலும் நெடுங்காலம் ஆண்களே சேலை உடுத்து மேடையேறினர். குரல் உடைந்ததும் அச்சிறுவர்களிற் பலர் ஸ்திரீபார்ட்டை இழந்தனர் என்பது தனிக் கதை.

நம் நாட்டில் இம்மரபின் உச்சமாகத் திகழ்ந்தவர் காங்கேசன்துறை நடிகமணி வி. வி. வைரமுத்து (1924–1989). அவருடைய வசந்த கான சபாவின் 'அரிச்சந்திர மயான காண்டம்' கோயில் வீதிகளில் விடிய விடிய நடந்த நாடகம். அரிச்சந்திரன் பெயரைத் தாங்கிய நாடகந்தான். ஆயினும் மயான காண்டத்திலே சனங்களை அழ வைப்பவள் சந்திரமதி. பாம்பு தீண்டி இறந்த லோகிதாசனைச் சுமந்து நள்ளிரவிற் சுடலைக்கு வருபவள் அவள். காவல் நிற்கும் கணவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. வரி கேட்கிறான். கொடுக்க ஒன்றுமில்லை என்றதும், கழுத்திலே தாலி இருக்கிறதே என்கிறான். கணவன் ஒருவனுக்கே தெரியக்கூடிய தாலி அது. இருவரும் ஒருவரையொருவர் அறிவது அப்படித்தான். அடிமையாக விற்கப்பட்டவளுக்கு ஊரறிந்த பெயர் ஏது? அவளைக் காட்டிக்கொடுத்தது பெயரன்று, தாலி. இந்தக் காட்சியை மகளிர் ஆண்டுதோறும் பார்த்து அழுதார்கள். பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சந்திரமதி என்று பெயரும் வைத்தார்கள்.

அல்லியின் கதி வேறு. வியாசர் பாரதத்தில் இல்லாதவள். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் அல்லி அரசாணி மாலையிலிருந்து மேடைக்கு வந்தவள். மதுரையை ஆண்ட அரசி, ஆண்களை அண்டவிடாதவள். அருச்சுனன் பாம்புருவில் அவளது பள்ளியறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். இன்று நாம் இதை வேறு சொல்லால் அழைப்போம். ஆனால் நம் பேச்சுமொழியில் நிலைத்தது அருச்சுனனின் வஞ்சகம் அன்று. 'அல்லி ராச்சியம்' என்ற ஏளனமே. வீட்டிலே ஒரு பெண் சற்று உரத்துப் பேசினால் போதும், அந்தச் சொல் வந்துவிடும். நாடகம் பார்க்காதவரும் அதைச் சொல்வர்.

பெண்களே பெண்களாக நடித்த மேடையும் இருந்தது. அதன் பேரொளி கே. பி. சுந்தராம்பாள் (1908–1980). அவர் எஸ். ஜி. கிட்டப்பாவுடன் இணைந்தது நமது கொழும்பு மேடையில், 1926இல். அவர் வள்ளி, கிட்டப்பா வேலன். மறு ஆண்டு திருமணம். 1933இல் கிட்டப்பா இருபத்தேழு வயதில் மறைந்தார். வெள்ளைச் சேலைக்கு மாறிய சுந்தராம்பாள், இனி எந்த ஆணுடனும் சோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். அதன் பின் திரையில் அவர் ஏற்ற பெயர்களைப் பாருங்கள்: 1935இல் நந்தனார், 1940இல் மணிமேகலை, 1953இல் ஔவையார், 1964இல் கவுந்தியடிகள். ஒருவர் ஆண், மற்றவர்கள் துறவிகளும் மூதாட்டியும். இருபத்தைந்து வயதில் வள்ளி என்ற பெயர் அவருக்கு மூடப்பட்டுவிட்டது. அதை அவரே மூடினார் என்று எழுதுவது எளிது. கைம்பெண் ஒருத்தி மீண்டும் வள்ளியாக வந்திருந்தால், அக்கால இரசிகர் கூட்டம் அவரை என்ன சொல்லியிருக்கும் என்பதையும் சேர்த்தே எழுதவேண்டும் என்பது என் எண்ணம்.

ஔவையார் நாடகமாக 1942இல் மேடையேறியபோது மூதாட்டி வேடம் புனைந்தவர் டி. கே. சண்முகம். சுவாமிகளின் பால சபையில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர். அந்த வேடத்தின் சிறப்பால் அவர் 'அவ்வை சண்முகம்' ஆனார். சென்னையில் லாயிட்ஸ் வீதி அவர் நினைவாக அவ்வை சண்முகம் சாலை ஆயிற்று. திரையில் ஔவையாகவே வாழ்ந்து காட்டிய சுந்தராம்பாளின் பெயருடன் அந்த அடைமொழி ஒட்டவில்லை. அவருடைய பெயருக்கு முன்னால் இறுதிவரை நின்றவை இரண்டு எழுத்துகளே: 'கே' அவர் பிறந்த கொடுமுடி, 'பி' அவரைப் பெற்ற பாலாம்பாள்.