லேடாங் மலையின் பாதுகை மலர்

பண்டைத் தமிழர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒழுக்கத்தை உரிமையாக்கினர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குப் புணர்தல் உரியது. காடும் காடு சார்ந்த இடமுமாகிய முல்லைக்கு இருத்தல், அஃதாவது காத்திருத்தல், உரியது. மலையிலே பிறந்தும் முல்லையின் ஒழுக்கத்தையே வேண்டி நிற்கும் மலர் ஒன்று மலாயாத் தீபகற்பத்தில் உண்டு. அதுவே பாதுகை ஆர்க்கிட். நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழர்க்கு அண்மையிலேயே இருந்த இம்மலர், கடல் கடந்து கண்ணாடி வீடுகளில் புகழ் பெற்ற வரலாறு தமிழாசிரியரும் மாணவரும் அறியத்தக்கதாகும்.

நெகிரி செம்பிலானின் தென்கிழக்கே, தம்பின், கெமாஸ் வட்டாரத் தோட்டங்களுக்கு அப்பால், ஜொகூர் மாநிலத்தில் 1,276 மீட்டர் உயர்ந்து நிற்பது லேடாங் மலை. ஆங்கிலேயர் இதனை ஓஃபிர் மலை என வழங்கினர். இம்மலையின் நிழலில் பாறை இடுக்குகளிலும் இலைமக்கிலும் வேரூன்றி வளர்ந்தது இச்செடி. இலைகளில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் விரவிக் கிடக்கும். ஏறத்தாழ ஓர் அடி உயரமுள்ள தண்டில் பெரும்பாலும் ஒரே பூ. மேலிதழ் வெண்மையானது, அதில் ஊதா வரிகள் ஓடும். கீழிதழ் கருஞ்சிவப்பாய்ச் சிறு பாதுகைபோலக் குழிந்திருக்கும். அக்குழியில் தேன் கிடையாது. ஏமாந்து உள்ளே வீழ்ந்த பூச்சி, பின்புறத்து ஒடுங்கிய வழியாக ஏறி வெளிப்படும்போது மகரந்தத்தைச் சுமந்து செல்லும்.

இச்செடியை லேடாங் மலையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பியவர் ஹியூ கியூமிங் என்னும் சேகரிப்பாளர். 1841இல் தாவர அறிஞர் ஜான் லிண்ட்லி இதற்குப் 'பார்பேட்டம்' எனப் பெயரிட்டார். தாடியுடையது என்பது பொருள். பக்க இதழ்களின் ஓரத்தில் மயிர் முளைத்த கரிய மருக்கள் இருத்தலின் இப்பெயர் வந்தது. 1886இல் பிட்சர் என்னும் செருமானிய அறிஞர், பாஃபோஸ் நகர்க் காதற்றெய்வத்தின் பாதுகை என்று பொருள்படும் 'பாஃபியோபெடிலம்' என்னும் பேரினத்தை வகுத்தார். லேடாங் மலைச் செடியும் பின்னர் அதில் சேர்க்கப்பட்டது.

இச்செடியை வளர்ப்போர் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆர்க்கிட் வகைகள் பலவற்றில் நீரைச் சேமிக்கும் பருத்த தண்டு உண்டு. பாதுகை ஆர்க்கிட்டில் அஃது இல்லை. ஆதலின் வேரடி முற்றும் காய்தலும் ஆகாது. நீர் தேங்குதலும் ஆகாது. விசிறிபோல் விரிந்த ஓர் இலைக்கொத்து ஒருமுறையே பூக்கும். பின்னர் அதன் அடியிலிருந்து புதுக்கொத்து தோன்றி, முதிர்ந்து, மீண்டும் அரும்ப வேண்டும். விதையிலிருந்து வளர்த்தாலோ முதற்பூவைக் காணப் பல ஆண்டுகள் செல்லும். ஆயினும் மலர்ந்த பூ வாரக்கணக்கில் வாடாது நிற்கும்.

இக்காத்திருப்பின் முதற்பயனைக் கண்டவர் இங்கிலாந்தின் வீச் நாற்றுப்பண்ணையில் பணியாற்றிய ஜான் டாமினி. எக்சிட்டர் நகர மருத்துவர் ஜான் ஹாரிஸ் என்பார், ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொன்றிற் சேர்த்துப் புதுவகை உண்டாக்கலாம் என்று அவருக்கு எடுத்துரைத்தார். டாமினி பர்மாவின் பாதுகை ஆர்க்கிட் ஒன்றையும் மலாயாவின் பார்பேட்டத்தையும் இணைத்தார். அவ்விணைப்பின் பூ 1869இல் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. மனிதன் உண்டாக்கிய முதற் பாதுகை ஆர்க்கிட் கலப்பினம் அதுவே. மருத்துவரின் பெயரால் அது 'ஹாரிசியானம்' எனப்பட்டது. அதன் பெற்றோருள் ஒன்று மலாயாச் செடி என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

மலாயாவின் மலர் மேற்கே சென்ற அதே நூற்றாண்டில், மேற்கிலிருந்து மற்றொரு செடி இங்கு வந்தது. 1877இல் 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. 1888இல் அங்குத் தாவரத் தோட்டப் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பால் வெட்டும் முறையை வகுத்தார். வாண்டா மிஸ் ஜோக்கிம் என்னும் ஆர்க்கிட்டை 1893இல் அறிவியலுலகுக்கு விளக்கியவரும் அவரே. அது 1981இல் சிங்கப்பூரின் தேசிய மலராயிற்று. காப்பி பயிரிட்ட நெகிரி செம்பிலான் தோட்டங்கள் பின்னர்ப் பால்மரக் காடுகளாயின. கன்று நட்டுப் பால் வெட்ட ஏறத்தாழ 6 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். அக்காத்திருப்பைத் தமிழ்த் தொழிலாளர் நன்கறிவர்; அதன் செல்வமோ பெரும்பாலும் பிறர் கைக்கே சென்றது.

ஆர்க்கிட் வேட்டையில் இறங்கிய அனைவரும் டாமினியைப்போற் பொறுத்திருந்தாரல்லர். இதன் விதை தூசியினும் நுண்ணியது. முளைக்குத் தரும் உணவு அதனுள் இல்லை. இயற்கையில் ஒருவகைப் பூஞ்சையின் துணைகொண்டே அது முளைக்கும் என்பதை 1899இல் நோயேல் பெர்னார் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். பூஞ்சையின்றிச் சர்க்கரை கலந்த ஊட்டக் கூழில், குடுவைக்குள் விதையை முளைப்பிக்கும் முறையை 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன் வெளியிட்டார். அதுவரை விதையிலிருந்து பெருக்குதல் அரிதாயிருந்தது. மலையிற் பெயர்த்தெடுத்தல் எளிதாயிருந்தது. ஆகவே வணிகர் காட்டுச் செடிகளைக் கட்டுக் கட்டாகக் கப்பலேற்றினர். அவற்றுட் பல வழியிலேயே மடிந்தன.

இத்தீங்கு மலாயாவோடு நிற்கவில்லை. தமிழரின் பொதிகையாகிய அகத்தியமலைப் பகுதியிலும் ஒரு பாதுகை ஆர்க்கிட் உண்டு. மஞ்சள் நிறப் பூவுடைய அதனை 1865இல் ஹீபர் ட்ரூரி என்பார் கண்டார். 1874இல் பெட்டோம் என்னும் அறிஞர் அதற்கு அவர் பெயரையே இட்டார். தென்னிந்தியாவுக்கே உரிய பாதுகை ஆர்க்கிட் அஃது ஒன்றே. சேகரிப்போரின் பேராசையால் அது மிக அருகிப்போயிற்று. கேரளத்தின் பாலோடு ஊரிலுள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அதனைக் குடுவையில் பெருக்கி மீண்டும் மலையில் நடும் பணியை மேற்கொண்டனர். தமிழர் விட்டு வந்த மண்ணிலும் வந்து வாழும் மண்ணிலும் இம்மலருக்கு நேர்ந்த ஊழ் ஒன்றே.

1990 முதல் காட்டுப் பாதுகை ஆர்க்கிட்டுகளின் பன்னாட்டு வணிகம் உலக உடன்படிக்கையால் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின் வீட்டில் வளர்க்க விரும்புவோர் மலையிற் பெயர்த்த செடியை விலைக்கு வாங்குதல் தகாது. நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்து வளர்த்த செடியையே நாடுதல் வேண்டும். லேடாங் மலைச் செடிக்குத் தோட்டப்புறத் தாழ்நிலத்தின் வெப்பம் கடுமையாகலாம். லங்காவி முதலிய தீவுகளில் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் வெண்ணிறப் பாதுகை ஆர்க்கிட்டு அவ்வெப்பத்தைத் தாங்க வல்லது. நேர்வெயில் படாத சாளரத்தின் அருகே, கரித்துண்டும் உடைந்த செங்கல்லும் இட்ட தொட்டியில் வைத்து, வேரடி ஈரம் மாறாமல் காத்துவரின் புதுக்கொத்து முதிரும். அதன் நடுவே ஒருநாள் அரும்பு தலைகாட்டும்.

அரும்பு வருமளவும் செய்யத்தக்கது ஈரம் பார்த்தலும் பொறுத்தலுமே. பள்ளி அறையின் சாளரத்தில் இத்தகைய தொட்டி ஒன்றை வைத்து வளர்க்கும் ஆசிரியர், முல்லையின் உரிப்பொருளை மாணவர்க்குக் கண்ணெதிரே காட்டியவராவார். மலையிலுள்ள செடிகளும் மலையிலேயே இருக்கும்.